இங்கிலாந்து நன்னடத்தைப் பணியின் நீதிமன்ற அறிக்கை: கருவி நன்று, தகவல் போதாது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருவர் குற்றவாளி என்று உறுதியானபின், தண்டனையை முடிவுசெய்யும் முன் பல வழக்குகளில் நீதிமன்றம், குற்றவாளிகளை மேற்பார்வையிடும் அரசுத் துறையான நன்னடத்தைப் பணியை (Probation Service) ஓர் அறிக்கை கேட்கிறது. குற்றத்தின் பின்னணி, குற்றவாளியால் யாருக்கு எவ்வளவு ஆபத்து, எந்தத் தண்டனை பொருந்தும் என்பவற்றை அந்த அறிக்கை சொல்ல வேண்டும். கேட்பவர் நீதிபதி என்றாலும், குடும்ப வன்முறை ஆபத்தைக் கணிப்பதில் அறிக்கை தவறினால் அதன் விளைவை அனுபவிப்பவர்கள் வீட்டிலிருக்கும் பெண்ணும் பிள்ளைகளுமே. ஆகவே அவர்கள் பக்கம் நின்றே இச்சேவையை மதிப்பிடுகிறேன்.

கருவிகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. துணைவர் மீதான வன்முறையின் ஆபத்தைக் கணிக்கக் கனடாவில் உருவாகி இங்கும் பயன்படும் 'சாரா' (SARA) மதிப்பீடு, முந்தைய தாக்குதல்கள், நீதிமன்றத் தடையுத்தரவை மீறியது, கட்டுக்கடங்காத பொறாமை, கொலை மிரட்டல், தற்கொலை எண்ணம், செய்ததைச் சிறிதாக்கிப் பேசும் போக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வைக்கிறது; மதிப்பெண்களைக் கூட்டிப் போட்டு முடித்துவிடாமல் அலுவலரின் தேர்ந்த தீர்ப்புக்கும் இடம் தருகிறது. காவல்துறையில் 2009இல் அறிமுகமான 'டாஷ்' (DASH) வினாப்பட்டியல் பாதிக்கப்பட்டவரிடமே கேட்கப்படுகிறது. கழுத்தை நெரித்தானா, நீங்கள் பிரிந்துபோக முயன்றீர்களா, எதற்கு அஞ்சுகிறீர்கள் என்ற கேள்விகள் அதில் உண்டு. ஆபத்து மிக அதிகமாகத் தோன்றும் வழக்குகள், 2003இல் கார்டிஃபில் தொடங்கிய 'மராக்' என்னும் பலதுறைக் கூட்டத்துக்குச் செல்கின்றன. குடும்பச் சூழலில் நிகழும் குற்றம் மேலும் கடுமையானது என்று 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தண்டனை வழிகாட்டியும் தெளிவாகச் சொல்கிறது.

சிக்கல் தகவலில்தான் இருக்கிறது. காவலர்கள் வீட்டுக்கு வந்துபோய், வழக்குப் பதிவாகாமல் முடிந்த அழைப்புகள் குற்றப் பதிவில் வருவதில்லை. அவை காவல்துறைக் கோப்பிலேயே கிடக்கின்றன. பிள்ளைகளைப் பற்றிய கவலைகள் உள்ளூராட்சியின் சிறுவர் சேவைப் பிரிவிடம் இருக்கின்றன. இவற்றைக் கேட்டுப் பெற நேரம் வேண்டும். வழக்குகளை விரைந்து முடிக்கும் அழுத்தத்தில் அதே நாளில் எழுதப்படும் அறிக்கை, பெரும்பாலும் பழைய தண்டனைகளையும் குற்றவாளி தன்னைப் பற்றித் தானே சொல்வதையும் நம்பியே நிற்கிறது. அடித்தவனிடமே அவன் எவ்வளவு ஆபத்தானவன் என்று விசாரித்து எழுதுவதை நான் மதிப்பீடாக ஏற்கவில்லை.

இதன் விலை என்ன என்பதை டர்பிஷயர் மாவட்டத்தின் கிலாமார்ஷ் கிராமம் காட்டியது. டேமியன் பெண்டல் என்பவருக்கு 2021 ஜூனில் தீவைப்புக் குற்றத்துக்காக ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. துணைவியின் வீட்டிலேயே மின்னணுக் கண்காணிப்புடன் இருக்கவும் உத்தரவிடப்பட்டது. துணைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவரால் ஆபத்து குறைவு என்றது அறிக்கை. அவரைப் பற்றிக் காவல்துறையிடம் இருந்த குடும்ப வன்முறைத் தகவல்கள் கேட்டுப் பெறப்படவில்லை. செப்டம்பரில் கருவுற்றிருந்த துணைவியையும் அவருடைய இரு பிள்ளைகளையும் இரவு தங்க வந்திருந்த, மகளின் தோழியான சிறுமியையும் அவர் கொன்றார். அவரை உயர் ஆபத்துள்ளவர் என்று மதிப்பிட்டிருக்க வேண்டும் என்று நன்னடத்தைப் பணிக் கண்காணிப்பாளரின் ஆய்வு 2023 ஜனவரியில் கூறியது. அன்று தண்டிக்கப்பட்ட குற்றம் குடும்ப வன்முறையே அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். குற்றத்தின் பெயரைப் பார்த்து விசாரணையின் எல்லையை வகுத்தால், வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து கண்ணிலேயே படாது.

வீட்டிலேயே இருக்கச் சொல்லும் உத்தரவைப் பரிந்துரைக்கும் முன் காவல்துறையையும் சிறுவர் சேவையையும் விசாரிப்பது பின்னர் கட்டாயமாக்கப்பட்டது, இது வரவேற்கத்தக்கது. ஆனால் 2023 ஜூலையில் வெளியான மற்றோர் ஆய்வில், பார்வையிடப்பட்ட வழக்குகளில் 28 விழுக்காட்டினருக்கு மட்டுமே மீண்டும் குடும்ப வன்முறை நிகழும் ஆபத்து போதிய அளவில் மதிப்பிடப்பட்டிருந்தது. விதி வந்தாலும், அதைச் செய்யப் போதிய ஆளும் நேரமும் இல்லாவிட்டால் பயன் குறைவு.

நம்மவர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசாத பெண்ணிடம் காவலர் 'டாஷ்' கேள்விகளைக் கேட்கும்போது கணவனின் உறவினர் மொழிபெயர்த்தால், அந்தப் பதில்களை வைத்துப் பின்னால் செய்யப்படும் எந்த மதிப்பீடும் நிற்காது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கேட்கத் தயங்க வேண்டாம்.

என் கணிப்பில், காவல்துறையின் பதில் வரும்வரை தண்டனையைத் தள்ளிவைக்கும் நீதிமன்றத்தில் இந்த அறிக்கையை நம்பலாம். அப்படித் தள்ளிவைக்காத இடத்தில் நம்ப முடியாது. உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் வழக்கு தண்டனைக் கட்டத்தை எட்டினால், பதிவாகாத பழைய சம்பவங்களை, நாள் சரியாக நினைவில்லாவிட்டாலும், வழக்கை நடத்தும் காவலரிடமும் பாதிக்கப்பட்டவருக்கான ஆலோசகரிடமும் உடனே சொல்லச் சொல்லுங்கள். தண்டனை அறிவிக்கப்படும் முன் அவை அறிக்கை எழுதுபவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தனவா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.