தங்கச்சிய கூட்டிட்டுப் போன மனநல கிளினிக், 5க்கு மூணரை ஸ்டார்

ஸ்டார் மொதல்லயே சொல்லிடுறேன், மூணரை. கொறச்ச ஒன்றரையும் டாக்டருக்கு இல்ல, ரிசப்ஷனுக்கு. கிளினிக் பேரு போடல, பேரு போட்டா யாரு வீட்டுப் பொண்ணுன்னு கண்டுபிடிச்சிருவாங்கன்னு தங்கச்சி சொல்லிட்டா. அவகிட்ட வாசிச்சுக் காட்டிட்டுதான் இதயே போடுறேன். திருநெல்வேலி பக்கம்னு மட்டும் வச்சுக்கோங்க.

எதுக்குப் போனோம்னா, பீரோல ஒரு பச்சை சுடிதார். பில்லோட இருக்கு, 1,150 ரூபா, தேதி போன வாரம், அவ போன்லருந்துதான் ஜிபேல காசும் போயிருக்கு. "நான் வாங்கல அக்கா"ன்னு சத்தியம் பண்றா. பொய் சொல்றான்னு நான் கத்திட்டேன், இப்ப நெனச்சா வயித்தப் பெசையுது. அதுக்கு முன்னாடியும் பஸ்ஸுல ஏறுனது ஞாபகம் இருக்கும் எறங்குனது இருக்காது, ஆபீஸ்ல யாரோ வந்து நேத்து பேசுனோம்லன்னு சொன்னா இவ முழிப்பா, சில நாளு பேச்சே மாறி சின்னப்புள்ள மாதிரி கால மடக்கி மூலையில உக்காந்திருப்பா. அம்மா கயிறு கட்டி, மந்திரிச்சு, எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டு எல்லாம் ஆச்சு.

இதுக்கு முன்னாடி வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டுனோம். ஏழு நிமிஷம். காதுல சத்தம் கேக்குதான்னாரு, இவ ஆமான்னா, உடனே மனச்சிதைவு, அதான் ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு மாத்திரை எழுதிட்டாரு. நாலு மாசம் தூங்கி வழிஞ்சா, மறதி மட்டும் அப்படியே இருந்துச்சு.

இந்த கிளினிக்ல மொத நாளே முக்கா மணி நேரம். அதே கேள்விதான், ஆனா அதோட விடல. சத்தம் வெளிய கேக்குதா மண்டைக்குள்ளயா, எத்தனை வயசுலருந்து, அந்தக் குரலுக்கு வயசு இருக்கான்னு ஒண்ணொண்ணா கேட்டாரு. "உள்ளதான் சார், ஸ்கூல் படிக்கும்போதுலருந்தே, ரெண்டு பேரு பேசிக்குவாங்க"ன்னா. இருபது வருஷமா பக்கத்துல படுத்துத் தூங்குன எனக்கு இது அன்னைக்குத்தான் தெரியும். வலிப்புல ஒரு வகையிலயும் இப்படி நேரம் தொலைஞ்சு போகும்னு மூளை அலையப் பாக்குற ஈஈஜி டெஸ்ட் எடுக்கச் சொன்னாரு, அதுல ஒண்ணும் இல்ல. பழைய மாத்திரைய படக்குன்னு நிறுத்தாம அவரே கொஞ்சம் கொஞ்சமா கொறச்சாரு, அதையும் சொல்லிடணும்.

அம்மாகிட்ட அவர் கேட்டது எனக்கு ரொம்பப் புடிச்சது. உங்க ஊர்ல சாமியாடுவாங்களாம்மா, இது அந்த மாதிரியான்னாரு. அம்மா யோசிக்காம, "சாமின்னா கோயில் கொடைக்குத்தான்யா வரும், இது செவ்வாக்கெழம ஆபீஸ் நேரத்துலல்லா வருது"ன்னுட்டாங்க. அவரு சிரிச்சுட்டு, அதாம்மா வித்தியாசம்னாரு. ஊரு ஒத்துக்கிட்ட வழக்கத்துல, கோயில்ல அருள் வந்து எறங்குறது நோயில்ல, அந்தாளோட வேலையும் பொழப்பும் கெடுற மாதிரி, வேண்டாம்னாலும் வர்றதுதான் நோய்னு வெளக்குனாரு. 2013ல வந்த அமெரிக்க மனநல டாக்டர்களோட நோய்க் கையேட்டுலயும், ஏதோ புகுந்துட்ட மாதிரி வர்றதும் பின்னாடி தங்கச்சிக்கு இருக்குன்னு சொன்ன நோயோட ஒரு ரூபமா இருக்கலாம்னு சேத்திருக்காங்களாம். அதுக்கப்புறம்தான் அம்மாவுக்கு டாக்டர் மேல நம்பிக்கையே வந்துச்சு.

அடுத்து சைக்காலஜிஸ்ட் மேடம். இந்த மாதிரி நெனவு விட்டுப்போறது எவ்வளவுன்னு பாக்க 28 கேள்வி உள்ள ஒரு ஃபார்ம், டிஇஎஸ்னு பேரு, 1986லருந்து உலகம் பூரா யூஸ் பண்றதாம். ஒவ்வொண்ணும் எத்தனை சதவீதம் நேரம் நடக்குதுன்னு குறிக்கணும். அதுல ஒரு கேள்வி, வாங்குன ஞாபகமே இல்லாத சாமான் உங்க பொருளோட கெடந்து பாத்திருக்கீங்களான்னு. தங்கச்சி என்னயப் பாத்தா, நான் தரையப் பாத்தேன். சராசரி 30க்கு மேல போனா இன்னும் நல்லா விசாரிக்கணும்னு அர்த்தம், அத வச்சு மட்டும் நோய்னு முடிவு பண்ணக் கூடாதுன்னு மேடம் ரெண்டு தடவ சொன்னாங்க. யோசனையில ஸ்டாப்ப விட்டுட்டுப் போறதெல்லாம் எல்லாருக்கும் நடக்குறதுதானாம். அதுக்கப்புறமும் அஞ்சு சிட்டிங் பேசிட்டுதான் டிஐடின்னு பேரு சொன்னாங்க, டிஸ்ஸோஸியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர். முன்னாடி மல்டிபிள் பர்சனாலிட்டின்னு சொல்லிட்டு இருந்தத 1994ல பேரு மாத்துனாங்களாம், ஏன்னா ஒரு ஒடம்புக்குள்ள பத்து பேரு குடியிருக்குறது இல்ல இது, ஒரு ஆளா சேர்ந்து வளர வேண்டிய மனசு சின்ன வயசுல அடிபட்டுச் சேராமலே போயிட்டது. அந்த வயசுல என்ன நடந்துச்சுங்கிறது அவளோட விஷயம், இங்க எழுத மாட்டேன்.

நம்ம ஆளுங்களுக்கு இந்த நோய்னாலே 2005ல அடுத்தடுத்து வந்த சந்திரமுகி, அந்நியன்னு ரெண்டு படம்தான். முடி பறக்கும், கண்ணு உருளும், கொலை விழும். எங்க வீட்டுல நடக்குறது அவ்வளவு சத்தமா இல்ல. கண்ண ரெண்டு தடவ சிமிட்டுவா, தலைய லேசா வலிக்குதுன்னு புடிப்பா, அப்புறம் நான் வச்ச காபிய யாருக்கு வச்சதுன்னு கேப்பா. அவ்வளவுதான். யாரையும் அடிச்சதில்ல, தன் கையக் கீறிக்கிட்டதுதான் உண்டு, பயந்ததும் அதுக்குத்தான்.

ட்ரீட்மென்ட்னு பாத்தா இதுக்குன்னு தனியா மாத்திரை கிடையாது, தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் மட்டும் ஒண்ணு ரெண்டு. மத்ததெல்லாம் பேச்சுதான், வருஷக் கணக்குல போகும்னு மொத மாசமே சொல்லிட்டாங்க. பழசக் கிளறுறது இப்ப கிடையாது, மொதல்ல கையக் கீறாம இருக்கணும், நேரம் தொலையாம இருக்கணும், அதுக்கப்புறம்தான் மத்தது. வீட்டுல பொதுவா ஒரு நோட்டு வைக்கச் சொன்னாங்க, அவளுக்குள்ள இருக்குறதுல அந்த நேரம் யாரு "முன்னாடி" வந்து இருந்தாலும் எழுதலாம்னு. மூணாவது வாரம் சாய்ஞ்ச எழுத்துல ஒரு வரி, "எனக்கு காபி வேண்டாம், டீ வேணும்". என் தங்கச்சி டீ தொட்டதே இல்ல. அன்னைக்கு சாயங்காலமே டீத்தூள் வாங்கி வச்சுட்டேன், மேடமும் அது சரிதான்னாங்க, யாரையும் வெரட்டக் கூடாதாம்.

இப்ப கொறை. ரிசப்ஷன்ல பேர மட்டும் கூப்புடாம, "கவுன்சிலிங் கேஸ் யாரும்மா"ன்னு ஹாலுக்கே கேக்குற மாதிரி கத்துறாங்க. டிவில சீரியல் ஃபுல் சவுண்டு, ஒரு அழுகை சீனுல தங்கச்சி காதப் பொத்திட்டு வெளிய போயிட்டா, அன்னைக்கு சிட்டிங் பாழு. மேடம்கிட்ட சொன்னோம், ரெண்டு வாரம் மியூட்ல இருந்துச்சு, திரும்ப பழைய கதைதான். டாக்டருக்கு 600, சிட்டிங்குக்கு 1,000, மாசம் நாலுன்னா எங்களுக்கு இழுக்கத்தான் செய்யுது. முடியாதவங்க கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல காட்டலாம், ராத்திரி நேரம் பயமா இருந்தா 14416ங்கிற கவர்மென்ட் மனநல உதவி நம்பருக்கு போன் போடலாம், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

போறவங்களுக்கு ஒண்ணு, டோக்கன் காலைல 7 மணிக்கே போன்ல போடணும், 7:20க்கு மேல கிடைக்காது. புதன்கிழமை மதியம் போங்க, கூட்டம் கம்மி, டிவி ரிமோட்டும் அந்த நேரம் வாட்ச்மேன் அண்ணாச்சிகிட்டதான் இருக்கும், சொன்னா கொறச்சு வைப்பாரு.