சீடி தொலைந்த வெப்கேமும் டெபியனும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் எந்த ஜெராக்ஸ் கடையில் மேசை இழுப்பறையை இழுத்தாலும் ஒரு பழைய வெப்கேம் கிடக்கும். உருண்டைத் தலை, கிளிப் வைத்த கால், லென்ஸைச் சுற்றி ஆறு வெள்ளை எல்இடி. கூடவே வந்த மினி சீடி எப்போதோ போயிருக்கும். கிடைத்தாலும் அதில் இருப்பது எக்ஸ்பி காலத்து டிரைவர்; 64 பிட் விண்டோஸ் 10 அதைச் சீண்டாது. "டிரைவர் இல்லைங்க, புதுசு வாங்கிக்குங்க" என்று சர்வீஸ் கடையில் சொல்லிவிடுவார்கள். லினக்ஸில் அந்த டிரைவர் பெரும்பாலும் கெர்னலுக்குள்ளேயே, அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதிக்குள்ளேயே இருக்கிறது. கேமரா அனுப்பும் படத்தின் வடிவம் உலாவிக்குப் புரியுமா என்பதில்தான் வேலை மாட்டிக்கொள்ளும்.

இங்கே பேசப்படுவது நான்கு கேமராக்கள். இரண்டு ஜேபெக் அனுப்பும் பழைய ரகம் (இசட்-ஸ்டார் சிப் ஒன்று, சோனிக்ஸ் சிப் ஒன்று), பிக்ஸ்ஆர்ட் பிஏசி207 சிப் உள்ளது ஒன்று, யுவிசி (யூஎஸ்பி வீடியோவுக்கான பொது விதிமுறை) வகை ஒன்று. கணினி 2 ஜிபி ராம் உள்ள கோர் 2 டியோ. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் பதிப்பு 10-இல் தொடங்கி 11, 12 என்று ஏற்றி, கெர்னல் 4.19-இலிருந்து 6.1 வரை ஓடியவை. பயன்பாடு: விண்ணப்பங்களுக்குப் புகைப்படம் எடுப்பது, ஆன்லைன் வகுப்பு, வெளியூர்ப் பிள்ளைகளோடு வீடியோ கால்.

முதலில் கேமரா எந்தச் சிப் என்று பார்க்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் பிராண்டு பெயரை மறந்துவிடலாம். ஒரே பிராண்டு, ஒரே மாடல், உள்ளே வேறு வேறு சிப் என்பது சர்வசாதாரணம். பெட்டியில் அச்சடித்த "25 மெகாபிக்சல்" என்பதும் அப்படித்தான். சென்சார் 640க்கு 480, அதாவது 0.3 மெகாபிக்சல், மீதியெல்லாம் மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கியது. டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கமாண்டை அடித்தால் வரும் எட்டு இலக்க அடையாள எண்தான் நம்பத்தக்கது. முதல் நான்கு தயாரிப்பாளர், அடுத்த நான்கு பொருள். 0ஏசி8 என்றால் இசட்-ஸ்டார், 0சி45 என்றால் மைக்ரோடியா என்று காட்டும், சிப் சோனிக்ஸ். 093ஏ என்றால் பிக்ஸ்ஆர்ட். 046டி என்றால் லாஜிடெக். இதில் இரண்டு தலைமுறையும் உண்டு என்பதால் பின்பாதி எண்ணையும் பார்க்க வேண்டும்.

அதே கமாண்டுக்குப் பின்னால் ஒரு கோடும் சிறிய டி எழுத்தும் சேர்த்தால் மரம்போல ஒரு பட்டியல் வரும். எந்த டிரைவர் பிடித்திருக்கிறது, வேகம் 12எம்-ஆ 480எம்-ஆ (நொடிக்கு மெகாபிட்) என்று அதிலேயே தெரியும். டிரைவர் இடத்தில் யுவிசிவீடியோ என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. இந்த டிரைவர் 2008-இல் கெர்னல் 2.6.26-இலேயே சேர்ந்துவிட்டது. ஜிஎஸ்பிசிஏ என்று தொடங்கினால் அது பழைய ரகம். மிஷேல் ஷார் தொடங்கி வைத்த இந்த டிரைவர் தொகுப்பு அதே ஆண்டு 2.6.27-இல் சேர்ந்தது. அந்த இடம் வெறுமையாக இருந்தால்தான் உண்மையிலேயே டிரைவர் இல்லை என்று பொருள். அந்தக் கேமராவோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

டிரைவர் பிடித்தும் படம் வராததற்கு என்ன காரணம்? வி4எல்-யூடில்ஸ் என்ற கேமராக் கருவித் தொகுப்பை நிறுவி, வி4எல்2-சிடிஎல் கமாண்டில் வடிவங்களைப் பட்டியலிடச் சொன்னால் விடை கிடைக்கும். யூஎஸ்பி 1.1 கேமராவுக்கு ஒரு மில்லிசெகண்டுக்கு அதிகபட்சம் 1,023 பைட், அதாவது நொடிக்குச் சுமார் 1 எம்பி. சுருக்காத 640க்கு 480 படம் ஒன்றே 6,14,400 பைட். அப்படியே அனுப்பினால் நொடிக்கு இரண்டு படம்கூட வராது. அதனால் ஒவ்வொரு சிப் நிறுவனமும் தனக்குத் தோன்றிய விதத்தில் படத்தைச் சுருக்கியது. இசட்-ஸ்டாரின் இசட்சி3எக்ஸ்எக்ஸ் வரிசையும் சோனிக்ஸ்-ஜெ வகையும் சாதாரண ஜேபெக் அனுப்பும். பிஏசி207 தனக்கென்று பி207 என்ற வடிவம் வைத்திருக்கிறது. பிஏசி7302 ஒரு மாதிரி ஜேபெக்தான், ஆனால் முறையான ஜேபெக் அல்ல. போதாக்குறைக்குப் படம் 90 டிகிரி சாய்ந்து வரும். பழைய சோனிக்ஸ்-பி வகை எஸ்910 என்ற சுருக்கம் அல்லது பதப்படுத்தாத பேயர் தரவு (சென்சார் தருவதை அப்படியே) அனுப்பும்.

கெர்னல் டிரைவர் இவற்றை விரிப்பதில்லை, வந்ததை வந்தபடியே மேலே தள்ளும். விரிப்பது லிப்வி4எல் என்ற நூலகத்தின் வேலை. ஃபயர்பாக்ஸும் குரோமியமும் அந்த நூலகத்தைத் தொடுவதில்லை. ஒய்யுஒய்வி, எம்ஜேபெக், ஜேபெக் போன்ற சில வடிவங்கள் மட்டுமே அவற்றுக்குத் தெரியும். ஜேபெக் அனுப்பும் இரண்டு கேமராக்களும் செருகியவுடன் உலாவியில் வருவதும், பிஏசி207 விளக்கை எரியவிட்டுக் கறுப்புத் திரை காட்டுவதும் இதனால்தான். மூன்றுக்கும் டிரைவர் சரியாகவே இருந்தது.

பிஏசி207 போன்றவற்றை உலாவிக்குள் கொண்டுவர இரண்டு வழி. குறுக்கு வழி, எல்டி ப்ரீலோட் என்ற சூழல் மாறியில் (நிரலைத் தொடங்கும்போது அதற்குச் சொல்லும் அமைப்பு) வி4எல்2கன்வெர்ட் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து, அதே வரியில் நிரலைத் தொடங்குவது. கோப்பு லிப்வி4எல் துணைக்கோப்புறைக்குள் இருக்கும். 64 பிட்டுக்கும் 32 பிட்டுக்கும் பாதை வேறு. வி4எல்1காம்பேட் என்று பக்கத்திலேயே இன்னொரு கோப்பு உண்டு. அது இன்னும் பழைய நிரல்களுக்கானது, கெர்னல் 2.6.38-இல் வி4எல்1 என்ற பழைய வீடியோ இடைமுகம் எடுக்கப்பட்ட பிறகு அதற்குப் பெரிதாக வேலை இல்லை. ஒற்றை நிரலுக்கு இந்த வழி போதும். மெனுவிலிருந்து சொடுக்கித் திறக்கும்போது இந்த மாறி கூடவே வராது, ஸ்னாப் வடிவில் (வேண்டியதைத் தன்னோடே அடைத்து வரும் தொகுப்பு) நிறுவிய உலாவிக்கு வெளியிலுள்ள நூலகம் கண்ணிலேயே படாது. கடையில் நான்கு பேர் கைமாறும் கணினிக்கு இது ஒத்துவரவில்லை.

நிலையான வழி வி4எல்2லூப்பேக். இது ஒரு பொய்க் கேமராவை உருவாக்கும் மாட்யூல், அதாவது கெர்னலோடு சேரும் துணைப்பகுதி. டெபியனில் டிகேஎம்எஸ் தொகுப்பாக, அதாவது கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி தொகுக்கப்படும் வடிவில் கிடைக்கிறது. மாட்யூலை ஏற்றும்போது மூன்று அளவுருக்கள் கொடுக்க வேண்டும்: சாதன எண் 10, ஒரு பெயர், எக்ஸ்க்ளூசிவ் கேப்ஸ் 1. மூன்றாவதை விட்டால் குரோமியம் அந்தக் கேமராவைப் பட்டியலிலேயே காட்டாது. பிறகு எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரலை மேலே சொன்ன ப்ரீலோட் மாறியோடு ஓட்டி, உள்ளீடு வீடியோ0, வெளியீடு வீடியோ10, பிக்சல் வடிவம் ஒய்யுஒய்வி422 என்று அமைத்தால் உலாவிக்குப் புரிந்த படம் போய்ச் சேரும். அதற்குப் பதில் ஜிஸ்ட்ரீமர் என்ற கருவியை விரும்புகிறவர்கள் அதன் வி4எல்2 சோர்ஸ், லிப்வி4எல்2-ஐத் தானாகப் பயன்படுத்தாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதற்கும் ஒரு சூழல் மாறியை 1 என்று வைக்க வேண்டும். வரிசையும் முக்கியம். எஃப்எஃப்எம்பெக் ஓடத் தொடங்கிய பிறகே உலாவியைத் திறக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கேமரா பட்டியலில் இருக்காது.

இத்தனை வருடத்தில் கெர்னல் ஏறும்போதெல்லாம் உடைந்தது இந்த லூப்பேக் மட்டும்தான். ஜிஎஸ்பிசிஏ பக்கம் ஒரு நாளும் கை வைக்க நேரவில்லை. உடைவதற்குக் காரணம் இரண்டே. ஒன்று, புதிய கெர்னலுக்கான ஹெடர் தொகுப்பு (மாட்யூலைத் தொகுக்கத் தேவையான கோப்புகள்) இல்லாமை. குறிப்பிட்ட பதிப்பின் ஹெடரை மட்டும் நிறுவியிருந்தால் அடுத்த ஏற்றத்தில் அது கூட வராது. லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்ற பொதுத் தொகுப்பை நிறுவினால் தானாக வரும். இரண்டு, செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு. கையெழுத்தில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது, சாவி நிராகரிக்கப்பட்டது என்று பிழை வரும். பழைய கோர் 2 டியோவில் இந்தத் தொல்லை இல்லை. அதே ஏற்பாட்டைப் புதிய மடிக்கணினிக்கு மாற்றியபோது முளைத்தது. மோக்யூடில் என்ற கருவி மூலம் சாவியைப் பதிவுசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும்.

யுவிசி கேமராவில் வேறு விதச் சிக்கல். கெர்னல் 4.16-இலிருந்து ஒரே கேமராவுக்கு வீடியோ0, வீடியோ1 என்று இரண்டு சாதனங்கள் தோன்றும். இரண்டாவது வெறும் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய குறிப்பு), படம் அல்ல. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் படம் வரவில்லை என்று கேமராவைத் திட்டுவது நடக்கிற கதை. இரண்டு கேமராவை ஒரே ஹப்பில் செருகினால் "சாதனத்தில் இடமில்லை" என்ற பிழை, எண் 28, வரலாம். வன்வட்டில் இடம் தேடிப் பிரயோஜனமில்லை. இடமில்லாதது யூஎஸ்பி பாதையில். யுவிசிவீடியோ மாட்யூலுக்கு க்வர்க்ஸ் என்ற அளவுருவில் 128 கொடுத்தால் தீரும் என்று எல்லோரும் சொல்வார்கள். சுருக்காத வடிவத்துக்கு மட்டுமே அது வேலை செய்யும், எம்ஜேபெக்குக்குப் பலனில்லை. இரண்டையும் வெவ்வேறு யூஎஸ்பி கட்டுப்பாட்டகங்களில் செருகுவதே உருப்படியான வழி. முன்பக்கப் போர்ட்டும் பின்பக்கப் போர்ட்டும் வேறு வேறாக இருக்க வாய்ப்புண்டு. மரப் பட்டியலில் பார்த்து உறுதி செய்யலாம்.

டிமெஸேஜ் என்ற கெர்னல் பதிவில் பிழை 71 அல்லது 110 வந்தால் டிரைவரைத் தோண்ட வேண்டாம், கேபிளைப் பார்க்க வேண்டும். கவுன்டர் அந்தப் பக்கம், சிபியு இந்தப் பக்கம் என்று கடைகளில் நீட்டிப்புக் கேபிள் போடுகிறார்கள். கேமராவின் சொந்த ஒயரோடு சேர்த்து 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. எல்இடி வளையம் எரியும் கேமரா என்றால் மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இன்னும் இறங்கும். ஒயரில் உள்ள திருகியைத் திருப்பி விளக்கை அணைத்தாலே சில சமயம் சரியாகிவிடும். நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் அடம்பிடிக்கும் 12எம் கேமராவுக்கு, இடையில் ஒரு சாதா யூஎஸ்பி 2 ஹப் வைத்துப் பார்க்கலாம்.

படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடினால் அது டியூப்லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட குழல் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். கேமரா 60 ஹெர்ட்ஸுக்கு அமைந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. வி4எல்2-சிடிஎல்லில் பவர் லைன் ஃப்ரீக்வென்சி என்ற கட்டுப்பாட்டை 1 என்று வைத்தால் 50 ஹெர்ட்ஸ். 2 என்றால் 60, 0 என்றால் அணைப்பு. கேமராவைப் பிடுங்கிச் செருகினால் இது மறந்துபோகும். நிரந்தரமாக வேண்டுமானால், அடையாள எண்ணைக் குறிப்பிட்டு இந்தக் கமாண்டை ஓட்டும் யூடெவ் விதி (சாதனத்தைச் செருகியதும் தானே நடக்கும் ஏற்பாடு) ஒன்று எழுத வேண்டும். படம் தலைகீழாக வந்தால் லிப்வி4எல்கன்ட்ரோல் ஃப்ளாக்ஸ் என்ற சூழல் மாறிக்கு 3 கொடுக்கலாம். ஆனால் லிப்வி4எல் வழியாக வரும் படத்துக்கு மட்டுமே அது செல்லும்.

இசட்சி3எக்ஸ்எக்ஸ் கேமராவில் படம் பச்சையாகவோ முழுக் கறுப்பாகவோ வந்தால் டிரைவர் சென்சாரைத் தவறாக ஊகித்திருக்கலாம். ஒரே அடையாள எண்ணுக்குள் பல சென்சார்கள் வந்திருக்கின்றன. ஃபோர்ஸ் சென்சார் என்ற அளவுரு உண்டு. அதன் விளக்கத்திலேயே "வல்லுநர்களுக்கு மட்டும்" என்று மூன்று ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கிறார்கள். மாற்றிப் பார்ப்பதில் ஆபத்து குறைவு. மாட்யூலை இறக்கி ஏற்றினால் பழையபடி ஆகிவிடும்.

புகைப்படத் தரம் எப்படி? பாஸ்போர்ட் அளவு 3.5க்கு 4.5 செமீ. 300 டிபிஐயில் அச்சிட 413க்கு 531 பிக்சல் வேண்டும். 640க்கு 480 படத்தை நெடுக்காக வெட்டினால் கிடைப்பது 373க்கு 480, அதாவது சுமார் 271 டிபிஐ. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பிஏசி207-இன் உச்சமே 352க்கு 288. வெட்டினால் சுமார் 163 டிபிஐ, அச்சில் முகம் கரைந்து தெரியும். அதைப் புகைப்படத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். எஃப்எஸ்வெப்கேம் என்ற படமெடுக்கும் நிரல் மூலம் எடுக்கும்போது முதல் 20 படங்களைத் தள்ளிவிடச் சொல்லும் ஸ்கிப் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். வெளிச்சத்தைக் கேமரா அளந்து முடிக்கும் முன் வரும் படங்கள் இருண்டோ வெளுத்தோ இருக்கும். தலையில் பொத்தான் உள்ள பல ஜிஎஸ்பிசிஏ கேமராக்களில் அந்தப் பொத்தான் ஒரு விசைப்பலகை விசையாகவே கணினிக்குத் தெரியும். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பின் குறுக்குவிசை அமைப்பில் அதை எஃப்எஸ்வெப்கேம் ஸ்கிரிப்டோடு இணைத்தால், கேமராவையே அழுத்திப் படம் எடுக்கலாம். விண்டோஸ் சீடியோடு வந்த மென்பொருளில்கூட இது இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

கிரானைட் பட்டறைகள் இருக்கும் பகுதியில் லென்ஸில் மெல்லிய வெள்ளைப் பொடி படியும். படம் மங்கினால் ஃபோகஸ் வளையத்தைத் திருகும் முன் ஊதுகுழலால் தூசியைத் தள்ள வேண்டும். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக் லென்ஸ் கீறிப்போகும்.

32 பிட் கணினி வைத்திருப்பவர்கள் டெபியன் 12-லேயே நிற்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. ஓசூரிலிருந்து பெங்களூர் எஸ்பி ரோடு மின்னணுச் சந்தைக்குப் போய்ப் பழைய கேமரா வாங்குபவர்கள் நிறுவாமலேயே லினக்ஸ் ஓடும் லைவ் பென்டிரைவும் ஒரு மடிக்கணினியும் கொண்டுபோவது நல்லது. காசு கொடுக்கும் முன் அங்கேயே செருகி, டிரைவர் பெயரையும் வடிவப் பட்டியலையும் பார்த்துவிடலாம். யுவிசி அல்லது ஜேபெக் என்றால் வாங்கலாம். பி207, எஸ்910 என்று வந்தால் சும்மா கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.