வாரன்டி முடிந்ததும் கியர்பாக்ஸ் போனது: ஜாப் கார்டில் எழுதப்படாத புகாருக்கு மதிப்பில்லை

இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கார் (ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படை கியர்களுக்கு ஒன்று எனத் தனித்தனி கிளட்ச் கொண்டது) வைத்திருப்பவர்கள், குறிப்பாக வாரன்டி இன்னும் முடியாதவர்கள், இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

வாரன்டி முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், கத்திப்பாரா மேம்பால ஏற்றத்தில் என் காரின் கியர் விளக்கு மின்னத் தொடங்கியது. இரண்டு, நான்கு, ஆறு, ரிவர்ஸ் ஆகிய எதுவுமே விழவில்லை. முதல் கியரிலேயே ஊர்ந்து ஓரம் சேர்ந்தேன். கிளட்ச் தொகுதியையும், கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் பாகத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று கூறி, சர்வீஸ் சென்டரில் மூன்று லட்சம் ரூபாயை ஒட்டி எஸ்டிமேட் கொடுத்தார்கள்.

இது திடீரென வந்த கோளாறு அன்று. ஓராண்டுக்கும் மேலாகவே, நெரிசலில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது வண்டி உதறியது. என் காரில் உள்ளது போன்ற உலர் கிளட்சுக்கு எண்ணெய்க் குளிர்ச்சி கிடையாது; ஊர்ந்து செல்லும் போக்குவரத்தில் அது அரைகுறையாகப் பிடித்தபடியே சூடேறித் தேய்கிறது என்பதால், அந்த உதறல் அலட்சியப்படுத்தக்கூடிய அறிகுறி அல்ல. ஆனால் ஒவ்வொரு சர்வீசிலும் அட்வைசர் சொன்னது ஒன்றே: "சார், இந்த வண்டி எல்லாமே இப்படித்தான் இருக்கும். நீங்க ஓட்டுற விதத்தை மாத்திப் பாருங்க."

பிறகு பழைய ஜாப் கார்டுகளின் (ஒவ்வொரு சர்வீசிலும் நம் புகாரையும் செய்யவேண்டிய வேலையையும் எழுதும் தாள்) நகல்களைக் கேட்டு வாங்கினேன். வாடிக்கையாளர் கூறிய குறை என்ற கட்டத்தில் "பீரியாடிக் சர்வீஸ், வாட்டர் வாஷ்" என்று மட்டுமே இருந்தது. அவர்களுடைய ஆளே என்னுடன் வந்து ஓட்டிப் பார்த்து உதறலை ஒப்புக்கொண்டதற்கு ஒரு வரிகூட இல்லை. அதையே காட்டி, வாரன்டி காலத்தில் புகார் எதுவும் பதிவாகவில்லை என்று தயாரிப்பு நிறுவனம் கைவிரித்தது. அப்போதே அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த வீடியோ ஒன்றுதான் இன்று என் கையில் உள்ள சான்று.

ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனமும் பவர்ஷிஃப்ட் என்ற தன் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் குறித்துப் புகார் கூறியவர்களிடம் ஓட்டுநரின் மீதே பழி சொன்னது. 2018இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் அதற்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. என் கார் அந்த நிறுவனத்தினுடையது அன்று. கிடைத்த பதில் மட்டும் அதேதான்.

உதறல், தாமதம், அதிகச் சூட்டு எச்சரிக்கை என எது தெரிந்தாலும் அதை உங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுத வையுங்கள். மறுத்தால் அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள், ஏனெனில் சில கார்களில் கோளாறு பதிவானபோது ஓடியிருந்த கிலோமீட்டரும் அதில் இருக்கும். "குட்வில்" என்ற பெயரில் உதிரிபாக விலையில் ஒரு பங்கைக் குறைப்பதாகச் சொல்லி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என எழுதப்பட்ட கடிதத்தை என்னிடம் நீட்டினார்கள், நான் கையெழுத்திடவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் புகார் பதியலாம். காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே வழக்கை விசாரிக்கும். வழக்கறிஞர் கட்டாயமில்லை, 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும். அதுவரை, கழற்றிய பழைய பாகத்தை எக்காரணம் கொண்டும் சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடாதீர்கள். தயாரிப்புக் குறைபாடு என்று நிறுவ ஆய்வுக்கு அனுப்ப வேண்டியது அந்தப் பாகத்தைத்தான்.