தோய் முனைக் காட்டுக்குதிரைகள்: ஆளுக்கு நுழைவுக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

ஜப்பானின் மியாசாகி மாநிலத்தில், குஷிமா நகரைச் சேர்ந்த தோய் முனைக்கு "குதிரைச் சுற்றுலா" என்று காரில் கூட்டிப்போன ஒருவரிடம் ஒரு குடும்பம் நன்றாக ஏமாந்திருக்கிறது. அவர் எழுதிக்கொடுத்த சீட்டில் இருப்பது: நுழைவுக் கட்டணம் 4 பேருக்கு 6000 யென், குதிரைக்குப் போட கேரட் பை இரண்டுக்கு 1000 யென்.

முனைக்குப் போகும் வழியிலுள்ள கோமாதோமே வாயிலில் வசூலிப்பது குதிரைப் பராமரிப்புக்கான பணம். அது வண்டிக்குத்தான், தலைக்கு அல்ல. காருக்கு 400 யென், மோட்டார் சைக்கிளுக்கு 100. கலங்கரை விளக்கத்தில் ஏறுவதானால் அங்கேயே தனியாகக் கட்டிக்கொள்ளலாம்.

கேரட் விற்றது அதைவிட மோசம். 1697-இல் தகானபே சிற்றரசு மேயவிட்ட குதிரைகளின் வம்சம் இது. 1953 முதல் அரசு பாதுகாக்கும் இயற்கைச் சின்னம். இருப்பதே ஏறக்குறைய நூறு. தீனி போடவே கூடாது. கையில் வாங்கித் தின்று பழகிய குதிரை கார் நின்றாலே சாலைக்கு வந்துவிடும், அடிபடும். தோள் உயரம் 130 செ.மீ. அளவுதானே என்று கிட்டே போகாதீர்கள், குட்டி இருந்தால் சுத்தமாக வேண்டாம். இரண்டு காதும் பிடரியோடு ஒட்டிப் படிந்தால் அடுத்தது கடி அல்லது உதை. பின்பக்கம் நிற்காதீர்கள்.

நேரத்திலும் ஏமாற்று உண்டு. மியாசாகி நகரிலிருந்து காரில் போக மட்டும் சுமார் 2 மணி நேரம். வழியில் அவோஷிமா, உதோ கோயில் என்று இறக்கி ஏற்றி, முனையில் 40 நிமிடம்தான் விட்டார்கள். வெயில் ஏறினால் குதிரைகள் புல்மேட்டை விட்டு மரநிழலுக்குள் போய்விடும். அந்த நேரத்தில் போனால் சாணக் குவியலைத்தான் பார்க்கலாம். காலையிலேயே போங்கள், முனையில் மட்டும் இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். குட்டிகளைப் பார்க்க வசந்த காலம். புல்லில் உண்ணி இருக்கும், முழுக்கால் சட்டை போடுங்கள்.

முன்பணம் கட்டுமுன் வண்டியின் நம்பர் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜப்பானில் காசுக்கு ஆளேற்றும் வண்டிக்குப் பச்சைப் பலகை. சிறிய ரகக் காராக இருந்தால் கறுப்பு. தனி அனுமதி இல்லாமல் வெள்ளைப் பலகையில் காசு வாங்கி ஏற்றினால் அது சட்டவிரோதம், விபத்தானால் காப்பீடும் கைவிடலாம். குஷிமா ரயில் நிலையத்திலிருந்து பஸ் உண்டு, ஆனால் நாளைக்குச் சில தடவைதான். திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டே ஏறுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் சீட்டைக் கிழிக்காமல் வைத்திருந்து 188-ஐ அழையுங்கள். அது ஜப்பானின் நுகர்வோர் உதவி எண். உங்கள் பகுதி மையத்துக்கு இணைப்பார்கள்.