சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, மீட்டர் மட்டும் பொய்

சென்னையில் பூந்தமல்லி பக்கம் பழைய கார் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புகார் நிலுவையில் இருப்பதால் அந்தக் கன்சல்டிங்கின் (பழைய கார் விற்கும் கடை) பெயரைப் போடவில்லை.

எங்கள் பட்ஜெட் நாலரை லட்சம். ஆன்லைனில் 'ஓனர் நேரடி விற்பனை' என்று விளம்பரம் பார்த்துப் போன் செய்தால் எடுப்பது பெரும்பாலும் வியாபாரிதான். இதுவும் அப்படித்தான். சில்வர் நிற டிசைர், டீசல், 2016 மாடல். மீட்டரில் 61,000 கிலோமீட்டர். விலை 4,25,000.

"டாக்டர் வண்டிண்ணா. வீட்ல இருந்து ஹாஸ்பிடல், ஹாஸ்பிடல்ல இருந்து வீடு. ஓட்டமே கிடையாது" என்றார்.

சீட் கவர் புதுசு, ஸ்டீயரிங் கவர் புதுசு. கிளட்ச் பெடலின் ரப்பர் மட்டும் வரிகள் எல்லாம் மழுங்கி, ஓர் ஓரத்தில் இரும்பு தெரிய இருந்தது. 61,000 ஓடிய வண்டியில் பெடல் அந்த அளவுக்குத் தேயாது. டேஷ்போர்டின் நடுவில் ஒரு குட்டிப் பிள்ளையார், டபுள் டேப்பில் சற்றுச் சாய்ந்து நின்றார். லேசாக நகர்த்தியதும் கையோடு வந்துவிட்டார். அவருக்குக் கீழே இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகள். கேட்டால், "டாக்டர் செல்போன் ஸ்டாண்டு வச்சிருந்தாருண்ணா". கால் டாக்ஸியில் மீட்டர் மாட்டுகிற இடமும் அதுதான்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டலாம் என்றேன். டோக்கன் அட்வான்ஸ் 20,000 வைத்தால்தான் வண்டி வெளியே போகும் என்றார். சரி என்று கொடுத்தேன். ஆனால் ரசீதிலேயே மீட்டர் அளவையும், ஓட்டமோ விபத்தோ மறைத்தது தெரிந்தால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். யோசிக்காமல் போட்டுக்கொடுத்தார். இவன் எங்கே போய்ப் பார்க்கப்போகிறான் என்ற தைரியம்.

சர்வீஸ் அட்வைசர் சேசிஸ் நம்பரைத் தட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் திரையை என் பக்கம் திருப்பினார். கடைசிப் பதிவு 2021-ல். அன்றைக்கே ஓட்டம் 1,87,000. வாடிக்கையாளர் என்று இருந்தது ஒரு டிராவல்ஸின் பெயர். டி போர்டு (வாடகை) வண்டியை ஓன் போர்டாக (சொந்த உபயோகம்) மாற்றி, மீட்டரைத் திருப்பி, டாக்டரை ஏற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். 'சிங்கிள் ஓனர்' மட்டும் உண்மை. அந்த ஒரே ஓனர் டிராவல்ஸ்காரர், அவ்வளவுதான்.

டி போர்டை மாற்றுவது குற்றமில்லை, ஆர்.டி.ஓ. அனுமதியோடு செய்யலாம். ஆனால் மாற்றிய பிறகு இணையத்தில் வண்டி எண்ணைப் போட்டால் சாதாரணக் காராகவே காட்டுகிறது, பழைய பிழைப்பு தெரிவதில்லை. பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேட்டால் தெரிந்துவிடும். வாடகை வண்டிக்கு பாலிசியின் வகையே வேறு.

திரும்பிப் போய்க் கேட்டேன். முதலில் "சர்வீஸ் சென்டர்ல தப்பா அடிச்சிருப்பாங்க". கொஞ்ச நேரம் கழித்து "டாக்டருக்கு டிராவல்ஸும் இருந்துச்சுண்ணா". அப்புறம் அட்வான்ஸ் பேச்சு வந்ததும் அண்ணா போய் சார் வந்தது. "பணமா தர்ற பழக்கம் இல்ல சார், வேற வண்டில அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." அந்த வேறு வண்டிகளின் லட்சணம் எப்படி இருக்கும் என்று யார் பார்ப்பது?

இதற்கு நடுவில் கொட்டேஷனில் இன்னொரு வேலையும் நடந்திருந்தது. 4,25,000 முழுவதற்கும் 18% ஜி.எஸ்.டி. என்று 76,500 சேர்த்திருந்தார்கள். 18% என்பது நிஜம்தான். 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது. ஆனால் அது வியாபாரி வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும். 35,000 லாபம் வைத்தால் வரி 6,300. இதை அச்சடித்துத் தருகிற துணிச்சல்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. இன்சூரன்ஸில் 'நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்குத்தான்' என்றதும் அதே ரகம். கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி அது, பழைய உரிமையாளரோடு போய்விடும். பாலிசி பெயர் மாறும்போது வித்தியாசத் தொகையை நாம்தான் கட்ட வேண்டும்.

லோன் முடிந்துவிட்டது என்றார்கள், ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் அப்படியே இருந்தது. அந்தப் பெயரை நீக்கத் தேவையான ஃபார்ம் 35-ம், பைனான்ஸ் கம்பெனி தரும் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி.யும் 'வந்துகொண்டே' இருந்தன. அவை கைக்கு வராமல் யாரும் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தேன். அதற்குப் பிறகு 10,000 வந்தது, மீதி வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஐந்து லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. ரசீதும் சர்வீஸ் சென்டர் பிரிண்ட் அவுட்டும் கையில் இருக்கின்றன.

வண்டி மறுபடி விளம்பரத்தில் ஏறிவிட்டது. இப்போது 4,10,000. நம்பர் பிளேட்டை மறைத்துப் படம் போட்டிருக்கிறார்கள். சில்வர் டிசைர், 2016, டீசல். யாராவது பார்க்கப் போனால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் சேசிஸ் நம்பரை வாங்கிச் சர்வீஸ் பதிவைப் பாருங்கள்.