எல்இடி பட்டையை மெல்ல மங்க வைக்கும் சர்க்யூட்: சில வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

சுவிட்சைப் போட்டால் கண் கூசாமல் மெல்ல எரியணும், அணைத்தால் மெல்ல மங்கி அணையணும். இதற்காக வீட்டில் இரண்டு விதமாகச் செய்து மாட்டினேன், இரண்டும் இன்னும் ஓடுகின்றன. ஆனால் செய்யப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான்.

பூஜை அறையில் இருப்பது எளியது: 12 வோல்ட், ஒரு மாஸ்ஃபெட் (பட்டையின் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்), அதன் கேட்டில் (அதைத் திறந்து மூடும் காலில்) 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், அது வடிய 10கே ரெசிஸ்டர். புரோகிராம் எதுவும் வேண்டாம். குறை என்னவென்றால், அணைத்த பிறகு கேட் 12 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட் வரை இறங்க சுமார் 11 விநாடி ஆகிறது, அதுவரை வெளிச்சம் அப்படியே நிற்கும், அப்புறம் மூன்று நான்கு விநாடிக்குள் மொத்தமும் போய்விடும். பாதி வெளிச்சத்தில் மாஸ்ஃபெட் சூடாகும் என்பதால் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) அவசியம்.

படுக்கையறையில் இருக்கும் இரண்டாவதில் ஆர்டுயினோ நானோ என்ற, புரோகிராம் போடும் சின்ன போர்டும் ஐஆர்எல்இசட்44என் (IRLZ44N) என்ற மாஸ்ஃபெட்டும். கடையில் பெரும்பாலும் ஐஆர்எஃப்இசட்44என் (IRFZ44N)-தான் எடுத்துத் தருவார்கள், அது நானோ தரும் 5 வோல்ட்டில் முழுசாகத் திறக்காது, நடுவில் 'எல்' இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். 5 மீட்டர் பட்டை கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கிறது, ஆனாலும் மாஸ்ஃபெட் லேசாகக்கூடச் சுடுவதில்லை.

உண்மையான விஷயம் அந்தக் கடைசிக் கொஞ்ச வெளிச்சத்தில் இருக்கிறது. நானோ பட்டையை வேகமாக எரித்து அணைத்துத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது; அதற்கான வழக்கமான analogWrite கட்டளையை எடுத்துக்கொண்டால் 0 முதல் 255 வரைதான் படிகள். 2-லிருந்து 1-க்கு இறங்கும்போது வெளிச்சம் சட்டென்று பாதியாகும், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்தத் துள்ளல் பளிச்சென்று தெரியும். அதனால் நானோவுக்குள் இருக்கும் டைமர் 1-ஐ 12 பிட்டில், அதாவது 4096 படியில், பிரீஸ்கேலர் (கடிகார வேகத்தை வகுக்கும் எண்) 8 வைத்து ஓட்டுகிறேன், அதிர்வெண் 488 ஹெர்ட்ஸ் வருகிறது. கூடவே 2.2 காமா, அதாவது கண் வெளிச்சத்தை உணரும் விதத்துக்கு ஏற்ற திருத்தம்: கண்ணுக்குப் பாதி வெளிச்சம் வேண்டுமென்றால் டியூட்டி (ஒவ்வொரு சுற்றிலும் பட்டை எரியும் நேரத்தின் பங்கு) 22 சதவீதம் போதும். இந்த இரண்டையும் சேர்த்தபோதுதான் மங்குவது ஒரே சீராக வந்தது, எப்போது அணைந்தது என்றே சொல்ல முடியாது. ரொம்ப அழகு!

கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10கே கட்டாயம் போடுங்கள். கரண்ட் போய் வரும்போது நானோ விழித்துக்கொள்ளும்வரை கேட்டுக்குப் போகும் அதன் கால் எந்தப் பக்கமும் இல்லாமல் மிதக்கும், அந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் பட்டை முழு வெளிச்சத்தில் பளிச்சிட்டு, நடுராத்திரி தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். கரண்ட் வந்தால் அணைந்த நிலையிலேயே இருக்கும்படி புரோகிராமிலும் வைத்திருக்கிறேன்.

நடு வெளிச்சத்தில் அடாப்டர் மெல்லிசாக ரீங்கரிக்கும். மாஸ்ஃபெட் பக்கத்திலேயே 12 வோல்ட் லைனில் ஒரு 1000 மைக்ரோஃபாரட் வைத்த பிறகு நன்றாகவே குறைந்தது, தலைமாட்டில் அடாப்டர் வைத்தால் மட்டும் இன்னும் கேட்கும். 230 வோல்ட் பல்பை இதே மாதிரி மங்க வைக்க நினைப்பவர்கள் இந்த வழியில் போகாதீர்கள், அது டிரையாக் (வீட்டு ஏசி கரண்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) சமாச்சாரம், தொட்டால் ஆபத்து, சாதா எல்இடி பல்பு அதில் மினுக்கவும் செய்யும்.