எந்த ஜாப்பை முதலில் ஏற்றுவது? மூன்று வருட பட்டறை அனுபவம்

ஓசூர் சிப்காட் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன ஜாப் வொர்க் பட்டறை. பார்ட்டி தரும் டிராயிங், மெட்டீரியல்படி உலோக பாகங்கள் செய்து கொடுப்போம்; அப்படி வரும் ஒவ்வொரு ஆர்டரும் ஒரு ஜாப். இரண்டு சிஎன்சி லேத் (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்), ஒரு விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்), ஒரு கிரைண்டர். போனில் யார் அதிகம் கத்துகிறாரோ அவர் ஜாப் முதலில் ஏறும். ரொம்ப நாள் இதுதான் எங்கள் விதி. மூன்று வருடமாக ஒழுங்கான விதிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் எஸ்பிடி (ஷார்ட்டஸ்ட் பிராசஸிங் டைம்): சீக்கிரம் முடிகிற வேலை முன்னால். 9, 2, 4 மணி நேர ஜாப்கள் மூன்று. வந்த வரிசையில் ஓட்டினால் 9, 11, 15-ஆவது மணியில் முடியும், சராசரி 11.7. சின்னதை முன்னால் விட்டால் 2, 6, 15, சராசரி 7.7. கடைசி ஜாப் எப்படியும் 15-இல்தான் முடியும், ஆனால் காத்துக் கிடக்கும் சரக்கு கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. முதல் மாதம் எனக்கு ஒரே பெருமை.

இரண்டாம் மாதம் ஆப்பரேட்டர் தம்பி வந்து, "அண்ணா, அந்த ஷாஃப்ட் துரு ஏறிடுச்சு, எப்பண்ணா ஏத்துறது?" என்றான். 14 மணி நேர வேலை அது. தினமும் ஏதாவது ஒரு சின்ன புஷ் (வளையம் மாதிரி பாகம்) ஜாப் குறுக்கே வந்து அதைப் பின்னால் தள்ளியிருக்கிறது. பதினோரு நாள்! பார்ட்டி டிராயிங்கையும் மெட்டீரியலையும் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். தப்பு எங்களுடையதுதான்.

அடுத்து டெலிவரி தேதி வரிசை. ஒரே மெஷின், எல்லா ஜாப்பும் கையில் இருந்தால், மிக மோசமாகப் பிந்துகிற ஜாப்பின் தாமதத்தை இதைவிடக் குறைக்க முடியாது என்று 1955-இலேயே ஜாக்சன் என்ற ஆய்வாளர் நிரூபித்துவிட்டார். எங்களுக்கு மெஷின் நாலு, அதனால் அந்த உத்தரவாதம் செல்லாது. (1963-இல் வெளிவந்த பத்து ஜாப், பத்து மெஷின் வரிசைக் கணக்கு ஒன்றுக்கு எது சிறந்த விடை என்று உறுதிசெய்யவே 1989 வரை ஆனது. நமக்கெல்லாம் கைக்கணக்கே கதி.)

இப்போது ஓடுவது கிரிட்டிகல் ரேஷியோ. டெலிவரிக்கு மிச்சமுள்ள நாளை மிச்ச வேலை நாளால் வகுக்க வேண்டும். 4 நாள் இருக்கிறது, வேலை 5 நாள் என்றால் 0.8, மதிப்பு குறைந்தது முதலில் ஏறும், 1-க்குக் கீழே போனால் ஏற்கெனவே பிந்திவிட்டோம் என்று அர்த்தம். ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு வெளியே போய்வரும் இரண்டு நாளை வேலை நாளில் சேர்க்காமல் ஆறு மாதம் ஏமாந்தேன். சாஃப்ட் ஜா (லேத்தில் ஜாப்பைப் பிடிக்கும் தாடை) மாற்றி, அதை ஜாப் அளவுக்குக் கடைந்து, ரன்அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) பார்க்க முக்கால் மணி ஆகிறது. அதனால் ஒரே ஜாவில் பிடிக்கிற ஜாப் இரண்டு இருந்தால் ரேஷியோவைப் பார்க்காமல் சேர்த்தே ஓட்டிவிடுவோம்.

இத்தனைக்கும், லேத்தில் எந்த வரிசை வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எல்லாம் கிரைண்டர் முன்னால் வந்து டிரே டிரேயாகக் குவிகிறது. போன தீபாவளிக்கு அப்புறம் ஆபீஸில் இருந்த, ஜாப் வரிசை எழுதும் ஒயிட் போர்டைக் கழற்றி, கிரைண்டர் பக்கத்துச் சுவரில் மாட்டிவிட்டோம். கூலன்ட் தெறித்து வாரம் ஒருமுறை எழுத்து அழிகிறது.